நிலைப்பிடி சேர்லிஃப்டைக் கழல்பிடி அதிவேக லிஃப்டாக மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

பனிச்சறுக்கு மலைகளில் மக்களை மேலேற்றும் சேர்லிஃப்ட் 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சன் வேலியில் பிறந்தது. கப்பல்களில் வாழைத்தார்களை ஏற்றிய கொக்கிப் பொறியைப் பார்த்திருந்த யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், தார் தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டால் மனிதரையும் மலைமேல் ஏற்றலாம் என்று கண்டார். அந்த முதல் லிஃப்டில் ஒவ்வொரு நாற்காலியும் ஓடும் வடத்தோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருந்தது. இன்றும் உலகெங்கும் ஓடும் பல்லாயிரம் லிஃப்டுகள் அதே முறையில்தான் இயங்குகின்றன. இந்தக் கட்டுரையில் அவற்றை நிலைப்பிடி லிஃப்ட் என்று அழைக்கிறேன். 1981-இல் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜில் ஆஸ்திரிய நிறுவனமான டாப்பல்மயர் அமைத்த குயிக்சில்வர், நால்வர் அமரும் முதல் அதிவேக லிஃப்டாக வந்தது. நிலையத்துக்குள் நுழைந்ததும் அதன் நாற்காலி வடத்தை விட்டுவிடும். நெடுஞ்சாலையிலிருந்து அணுகுசாலைக்கு இறங்கிய பேருந்தைப் போல மெதுவாக ஊர்ந்து ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு, மறுபடியும் வடத்தின் வேகத்தை எட்டியபின் அதைப் பற்றிக்கொள்ளும். இதுவே கழல்பிடி லிஃப்ட்.

பழைய நிலைப்பிடி லிஃப்டைக் கழற்றிவிட்டு அதே பாதையில் கழல்பிடி லிஃப்டை நிறுவுவதற்கான முழு நடைமுறையையும் இங்கே வரிசையாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுக்காக 1500 மீட்டர் நீளமும் 400 மீட்டர் உயர வேறுபாடும் கொண்ட ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, கணக்குகளை எல்லாம் அதன்மீதே போட்டுக் காட்டுகிறேன்.

படி 1: லிஃப்டுக்கு முன் மலையைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். வேகம் இரட்டிப்பானால் மணிக்கு மேலேறும் ஆட்களும் இரட்டிப்பாவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஏற்றுதிறனைத் தீர்மானிப்பவை இரண்டே: ஒரு நாற்காலிக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையிலான நேரம், ஒரு நாற்காலியில் அமர்வோரின் எண்ணிக்கை. நால்வர் நாற்காலி 6 வினாடிக்கு ஒன்று வந்தால் மணிக்கு 600 நாற்காலிகள், அதாவது 2400 பேர். வினாடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நிலைப்பிடி லிஃப்டில் இதற்கு 15 மீட்டருக்கு ஒரு நாற்காலி வேண்டும். வினாடிக்கு 5 மீட்டரில் ஓடும் கழல்பிடி லிஃப்டில் 30 மீட்டருக்கு ஒன்று போதும். இரண்டும் மணிக்கு 2400 பேரையே ஏற்றும்.

அப்படியானால் எது மாறுகிறது? நமது 1500 மீட்டர் பாதையில் பயணநேரம் 10 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைகிறது. நிலையங்களுக்குள் ஊரும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை நிமிடம் எனலாம். முழுத் திறனில் ஓடும்போது பழைய லிஃப்டில் எந்தக் கணத்திலும் 400 பேர் அந்தரத்தில் அமர்ந்திருப்பார்கள். புதிய லிஃப்டில் அந்த எண்ணிக்கை 200-ஐ ஒட்டியே இருக்கும். மீதி ஏறத்தாழ இருநூறு பேர் மலையை விட்டுப் போய்விடுவதில்லை. அவர்கள் சறுக்குத்தடத்தில் இருப்பார்கள், அல்லது கீழே வரிசையில் நிற்பார்கள். மாற்றத்தின் உண்மையான விளைவு இந்த இடமாற்றம்தான். ஆகவே தடங்களின் அகலம், சரிவு, குறுகிய கழுத்துப் பகுதிகள், பல தடங்கள் வந்து சேரும் சந்திகள் ஆகியவற்றை அளந்து, கூடுதலாக இறங்கும் கூட்டத்தை அவை தாங்குமா என்று பார்ப்பது முதல் வேலை. ஈருவர் நாற்காலியை நால்வர் நாற்காலியாகவும் சேர்த்தே மாற்றுவது வழக்கம் என்பதால், தடங்களின் மீதான அழுத்தம் இரண்டு வழிகளில் கூடும்.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெயரளவுத் திறன் வேறு, நாள்முழுவதும் உண்மையில் கிடைக்கும் திறன் வேறு. வினாடிக்கு 2.5 மீட்டரில் வந்து முழங்காலுக்குப் பின்னே மோதும் நாற்காலியில் குழந்தைகளும் புதியவர்களும் தடுமாறுவார்கள். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் லிஃப்டை நிறுத்தவோ வேகம் குறைக்கவோ நேரும். கழல்பிடி நாற்காலி ஏறுமிடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்திலேயே வருவதால் இத்தகைய நிறுத்தங்கள் வெகுவாகக் குறைகின்றன. பழைய லிஃப்டின் ஒரு பருவத்து நிறுத்தப் பதிவேடு கையில் இருந்தால், மாற்றத்தால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை எந்த விற்பனைக் கையேட்டையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

படி 2: மாற்றாமலே விடலாமா என்று நேர்மையாகக் கேளுங்கள்

வெர்மான்ட் மாநிலத்தின் மேட் ரிவர் கிளென் மலையில் 1948-இல் கட்டப்பட்ட ஒருவர் நாற்காலி லிஃப்ட் இருந்தது. மலையைச் சறுக்குவோரே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்திவரும் இடம் அது. 2007-இல் லிஃப்டைப் புதுப்பிக்கும் நிலை வந்தபோது, அவர்கள் அதை மீண்டும் ஒருவர் நாற்காலியாக, நிலைப்பிடியாகவே அமைத்துக்கொண்டார்கள். மேலே ஏறுவோர் குறைவாக இருந்தால்தான் குறுகிய காட்டுத் தடங்களில் பனி நிலைக்கும், சறுக்குவோருக்கும் இடம் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் படியின் கணக்கைச் சரியாகப் போட்டவர்களின் முடிவாகவே நான் பார்க்கிறேன்.

பாதை குட்டையாக இருந்தாலும் ஆதாயம் சுருங்கிவிடும். 600 மீட்டர் பாதையில் நிலைப்பிடி 4 நிமிடம் எடுக்கும். கழல்பிடி 2 நிமிடமும் நிலையங்களில் ஊரும் நேரமும் எடுக்கும். மிச்சமாவது ஒன்றரை நிமிடம். அதற்காக இரண்டு மூன்று மடங்கு செலவையும், கூடுதல் இயந்திரப் பணியாளர்களையும், நிரந்தரப் பராமரிப்புச் சுமையையும் ஏற்க வேண்டும். இத்தகைய இடங்களில் நிலைப்பிடியையே வைத்துக்கொண்டு, ஏறுமிடத்தில் நகரும் பட்டையை அமைப்பது நல்ல மாற்றுவழி. நாற்காலி வரும் திசையிலேயே அந்தப் பட்டை பயணியையும் நகர்த்துவதால் மோதல் வேகம் குறைகிறது. லிஃப்டையும் சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாம். ஆனால் குட்டைப் பாதை முழுக்க முழுக்கப் புதியவர்களுக்கானது என்றால், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வசதி ஒன்றுக்காகவே கழல்பிடி தகும்.

கழல்பிடிக்கே உரிய இன்னொரு வாய்ப்பையும் இந்தக் கட்டத்திலேயே எடைபோட வேண்டும். இடைநிலையம் ஒன்றை அமைத்து அங்கே பாதையை வளைக்க முடியும் என்பதால், தனித்தனியாக ஓடும் இரண்டு பழைய லிஃப்டுகளை ஒன்றாக்க முடிகிறது. யூட்டாவின் ஆல்ட்டாவில் 2004-இல் காலின்ஸ், ஜெர்மேனியா என்ற இரு லிஃப்டுகளும் அகற்றப்பட்டு, நடுவில் கோணநிலையம் கொண்ட ஒரே கழல்பிடி லிஃப்டாகக் காலின்ஸ் மறுபிறப்பு எடுத்தது. இரண்டு முறை வரிசையில் நின்று ஏற வேண்டியிருந்த பயணம் ஒரே பயணமாயிற்று.

படி 3: அனுமதிகளை வடிவமைப்புக்கு முன்பே தொடங்குங்கள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரிய மலைகள் பல கூட்டரசின் வன நிலத்தில் உள்ளன. பிரெக்கன்ரிட்ஜ் வைட் ரிவர் தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அங்கே கோபுரத்தின் இடத்தைச் சில மீட்டர் நகர்த்தினாலும், மரம் வெட்டினாலும், புதிய பாதை போட்டாலும் வனத்துறையின் சுற்றுச்சூழல் ஆய்வு தேவைப்படலாம். தொழில்நுட்ப ஒப்புதல் தனி. கொலராடோவில் 1965 முதல் இயங்கும் பயணிகள் டிராம்வே பாதுகாப்பு வாரியம் வடிவமைப்பைப் பரிசீலித்து, சோதனையைப் பார்வையிட்டு, உரிமம் வழங்குகிறது. அமெரிக்காவில் ஏ.என்.எஸ்.ஐ. பி77.1, கனடாவில் சி.எஸ்.ஏ. இசட்98 ஆகியவை அடிப்படைத் தரநிலைகள்; ஐரோப்பிய ஒன்றியத்தில் வடவழிப் போக்குவரத்துக்கென 2016/424 என்ற ஒழுங்குவிதி நடைமுறையில் உள்ளது.

ஊர்மக்களின் இசைவையும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். யூட்டாவின் பார்க் சிட்டியில் ஈகிள் என்ற மூவர் நிலைப்பிடி லிஃப்டை அறுவர் கழல்பிடியாகவும், சில்வர்லோட் லிஃப்டை எண்மர் லிஃப்டாகவும் மாற்ற 2022-இல் நகரத் திட்ட அலுவலகம் இசைவு அளித்தது. கூடும் கூட்டத்துக்கு வாகன நிறுத்துமிடம் எங்கே, மலையின் வசதியான கொள்ளளவு சரியாகக் கணக்கிடப்பட்டதா என்று உள்ளூர்க்காரர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் திட்ட ஆணையம் இசைவை ரத்து செய்தது. அந்தக் கருவிகள் கனடாவின் விசிலர் பிளாக்கோம்புக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் படியின் கணக்கை ஊருக்கு முன் வெளிப்படையாக வைக்க முடியாத திட்டத்துக்கு இதுதான் நேரும்.

படி 4: எதைத் தக்கவைக்கலாம், எதைக் கைவிட வேண்டும்

ஒவ்வொரு முதலாளியும் கேட்கும் கேள்வி, பழைய கோபுரங்களையே பயன்படுத்தலாமா என்பது. மேலோட்டமான ஒரு கணக்கு ஆம் என்றே சொல்லும். ஓர் ஆளை 77 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 1200 பேரை ஏற்றும் பழைய ஈருவர் லிஃப்டில் 15 மீட்டருக்கு 154 கிலோ, அதாவது மீட்டருக்கு 10.3 கிலோ பயணிச் சுமை. மணிக்கு 2400 பேரை ஏற்றும் புதிய நால்வர் கழல்பிடியில் 30 மீட்டருக்கு 308 கிலோ. மீட்டருக்கு அதே 10.3 கிலோதான். திறன் இரட்டிப்பானபின்னும் வடத்தின்மீது பரவும் பயணிச் சுமை கூடவில்லை என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் அழகு.

ஆனால் கோபுரம் பரவிய சுமையை மட்டும் தாங்குவதில்லை. 15 மீட்டருக்கு 154 கிலோவாக இருந்தது இப்போது 30 மீட்டருக்கு ஒருமுறை 308 கிலோவாகவும் அதோடு நாற்காலி, பிடி ஆகியவற்றின் எடையாகவும் குவிந்து, இரட்டிப்பு வேகத்தில் கப்பிகள் மீது ஏறி இறங்குகிறது. கழல்பிடி நாற்காலியின் எடை பழைய ஈருவர் நாற்காலியைவிடப் பன்மடங்கு. அகலமான நாற்காலி காற்றையும் கூடுதலாக வாங்கும். மேல்மூடி வைத்தால் இன்னும் அதிகம். அவசர நிறுத்தத்தின்போது வடம் துள்ளும் வீச்சும் வேகத்தோடு வளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறுவடத்துக்கும் இறங்குவடத்துக்கும் இடையிலான அகலம் போதாது. பழைய ஈருவர் லிஃப்டுகளில் அது 3 முதல் 4 மீட்டர். நால்வர் லிஃப்டுக்கு ஏறத்தாழ 5 மீட்டரும் அறுவர் லிஃப்டுக்கு அதற்கு மேலும் வேண்டும். பக்கவாட்டில் ஊசலாடும் நாற்காலி கோபுரத் தண்டில் இடிக்காதிருக்க வேண்டிய இடைவெளியைத் தரநிலைகள் கண்டிப்பாகக் கேட்கின்றன. குறுக்குக் கைகளை மாற்றி அகலத்தைப் பெறலாம். அப்போது தண்டின்மீதும் அடித்தளத்தின்மீதும் விழும் வளைதிருப்பம் கூடும்.

பழைய லிஃப்ட் ஏற்கெனவே நால்வர் நிலைப்பிடியாக இருந்து, கட்டும்போதே பிற்கால மாற்றத்தை எண்ணி அகலமும் வலுவும் வைத்திருந்தால், கோபுரங்களைத் தக்கவைப்பது பொருள்பொதிந்த முடிவு. மற்றபடி பாதையை மட்டும் வைத்துக்கொண்டு கோபுரங்களைப் புதிதாக எழுப்புவதே என் பரிந்துரை. அடித்தளக் கான்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுத்து, நங்கூரப் போல்ட்டுகளை மீயொலியால் சோதித்து, நிலத்தியல் அறிக்கை பெற்ற பிறகுதான் எந்த அடித்தளத்தையும் தக்கவைக்கலாம் என்று சொல்ல வேண்டும். வரைபடத்தை மட்டும் பார்த்து ஒருபோதும் சொல்லக்கூடாது. கப்பித்தொகுதிகள் எப்படியும் புதியவையாகவே இருக்க வேண்டும். கழல்பிடியின் தாடை வடிவம் வேறு, அது கடக்கும் வேகம் வேறு என்பதால், கப்பியின் விளிம்பும் ரப்பர் உள்விளிம்பும் பிடியின் தயாரிப்பாளர் குறித்தபடியே அமைய வேண்டும். வடத்தைக் கீழ்நோக்கி அழுத்தும் கோபுரங்களில் இது மிகவும் முக்கியம். பிடி அங்கே கப்பிக்கு அடியில் நுழைந்து செல்கிறது.

படி 5: நிலையங்கள்

நிலைப்பிடி லிஃப்டின் நிலையம் என்பது வடம் சுற்றித் திரும்பும் ஒரு பெருஞ்சக்கரமும் அதைத் தாங்கும் சட்டமுமே. கழல்பிடியின் நிலையம் ஒரு முழு இயந்திரக்கூடம். அதன் நீளத்தை எளிதாகவே மதிப்பிடலாம்: வினாடிக்கு 5 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு, பயணி உணராத அளவான, வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வேகத்தளர்வில் இறங்க, 5-இன் வர்க்கமான 25-இலிருந்து 1-இன் வர்க்கமான 1-ஐக் கழித்து 2-ஆல் வகுத்தால் 12 மீட்டர். அதே தொலைவு மறுபக்கம் வேகமெடுக்கவும் வேண்டும். இவை பக்கம்பக்கமாக அமைந்தாலும், கழலும் பகுதியும் சக்கரத்தைச் சுற்றும் வளைவும் சேர்ந்து நிலையம் 20 மீட்டரைத் தாண்டிவிடும். இதற்கான சமதளம் மலையுச்சியில் பெரும்பாலும் இருக்காது. பாறையை வெட்டுவதா, பாதையைச் சில மீட்டர் சுருக்குவதா என்பதை இந்தக் கட்டத்தில் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

நாற்காலியை வேகம் குறைத்தும் கூட்டியும் நகர்த்துபவை வரிசையாக அமைந்த காற்றடைத்த சிறு டயர்கள். இவை தனி மோட்டாரால் அல்லாமல், பெரும்பாலும் ஓடும் வடத்திலிருந்தோ பெருஞ்சக்கரத்திலிருந்தோ பட்டைகள் வழியே விசை பெறுகின்றன. அதனால் லிஃப்ட் எந்த வேகத்தில் ஓடினாலும் டயர் வரிசையின் கடைசி வேகம் வடத்தின் வேகத்தோடு தானாகவே ஒத்துப்போகிறது. நாற்காலிகளுக்கு இடையிலான தொலைவைச் சீராக்கும் இடைவெளித் திருத்தியும் இங்கேதான் இருக்கிறது.

நிலையத்தோடு நாற்காலிக் கொட்டகை ஒன்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள். நிலைப்பிடி நாற்காலிகள் இரவெல்லாம் பனியிலும் உறைமூடுபனியிலும் கிடக்கும். விடியற்காலையில் ஒவ்வொன்றாகத் தட்டி உதிர்க்க வேண்டும். கழல்பிடி நாற்காலிகளைத் தண்டவாளத்தில் தள்ளி உள்ளே நிறுத்திவிடலாம். கொட்டகைக்கான செலவை முதல் ஆண்டில் மிச்சப்படுத்திவிட்டுப் பின்னால் சேர்க்க நினைத்தால், நிலையத்துத் தண்டவாள அமைப்பையே மாற்ற வேண்டிவரும்.

படி 6: பிடி, இந்த இயந்திரத்தின் உயிர்நாடி

மற்ற எந்த உறுப்பின் தவறையும் பல வழிகளில் ஈடுகட்டலாம். பிடியின் தவறை ஈடுகட்ட முடியாது. சுருள்வில்லோ முறுக்குவில்லோ தாடையை வடத்தின்மீது அழுத்துகிறது. நிலையத்துக்குள் நுழையும்போது பிடியின் நெம்புகோலில் உள்ள உருளை ஒரு வழிகாட்டித் தண்டவாளத்தின்மீது ஏறி, தாடையைத் திறக்கிறது. வெளியேறும்போது வேகங்கள் ஒத்துப்போன கணத்தில் அதே தண்டவாளம் நெம்புகோலை விடுவிக்க, தாடை மூடிக்கொள்கிறது. மூடியதா என்பதை உணரிகள் சரிபார்க்கின்றன. வில்லின் விசை போதுமா என்பதை ஓர் அளவித் தண்டவாளம் ஒவ்வொரு சுற்றிலும் அளக்கிறது. இரண்டில் ஒன்று தவறினாலும் நாற்காலி நிலையத்தை விட்டு வெளியே போகுமுன் லிஃப்ட் நின்றாக வேண்டும்.

இந்தக் கண்டிப்பு ஏன் என்பதை அறிய 1995-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 23-இல் கனடாவின் விசிலர் மலையில், பிரெக்கன்ரிட்ஜ் லிஃப்டின் அதே குயிக்சில்வர் என்ற பெயரைத் தாங்கிய வேறொரு லிஃப்ட் அவசரமாக நின்றபோது, செங்குத்தான பகுதியில் ஒரு நாற்காலியின் பிடி வழுக்கிக் கீழுள்ள நாற்காலியில் மோதியது, தொடர்ந்து நாற்காலிகள் விழுந்தன, இருவர் உயிரிழந்தனர். யான் என்ற பெயரில் லிஃப்டுகளைக் கட்டிவந்த லிஃப்ட் இன்ஜினியரிங் நிறுவனம் அடுத்த ஆண்டில் திவாலானது. அந்த நிறுவனத்தின் அதிவேக லிஃப்டுகள் பல மலைகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றில் பாதையையும் கோபுரங்களையும் வைத்துக்கொண்டு, பிடி, நாற்காலி, நிலைய இயந்திரம் ஆகியவை மட்டும் வேறு நிறுவனங்களின் வடிவமைப்புக்கு மாற்றப்பட்டன. இருக்கும் பாதையில் புதிய இயந்திரத்தைப் பொருத்தும் கலையில் தொழில் அதுவரை கண்டிராத பெரும் பயிற்சி அது. பிடியையும் அது ஓடும் தண்டவாளத்தையும் கப்பியையும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுப்பாகவே வாங்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இந்த வரலாறே காரணம். விலை குறைகிறது என்று வெவ்வேறு இடங்களில் வாங்கிச் சேர்ப்பதை எந்த ஆலோசகர் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

படி 7: வடம்

நிலைப்பிடி லிஃப்டில் பிடி பற்றிய இடத்திலேயே வடம் மீண்டும் மீண்டும் வளைந்து களைப்படைவதால், குறித்த காலத்துக்கு ஒருமுறை எல்லாப் பிடிகளையும் தளர்த்திச் சற்று நகர்த்திப் பூட்ட வேண்டும். கழல்பிடியில் அந்த வேலை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் பிடி வேறோர் இடத்தில் பற்றுகிறது. ஆனால் அதே காரணத்தால் வடத்தின் எந்த இடத்திலும், அதன் இரு முனைகளையும் ஒன்றாகப் பின்னிய பிணைப்பின் மேலேயும்கூட, பிடி வந்து விழலாம். நிலைப்பிடியில் பிணைப்பின் முடிச்சுகளைத் தவிர்த்துப் பிடிகளைப் பூட்டிவிடலாம். இங்கே அது முடியாது. எனவே பிணைப்பின் விட்டம் தயாரிப்பாளர் தந்த வரம்புக்குள் இருப்பதைப் பிணைப்பாளர் முடிச்சு முடிச்சாக அளந்து பதிவு செய்ய வேண்டும். பிணைப்பின் நீளம் வட விட்டத்தின் 1200 மடங்குக்குக் குறையக்கூடாது; 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். பழைய வடத்தைத் தக்கவைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதன் விட்டமும் தேய்மானமும் புதிய தாடைக்குப் பொருந்தா.

வடத்தை இழுத்துப்பிடிக்கும் முறையும் மாறும். பழைய லிஃப்டுகளில் கிணற்றுக்குள் தொங்கும் எதிர்எடை அதைச் செய்தது. இப்போது நீரழுத்த உருளை செய்கிறது.

படி 8: விசை, தடை, கட்டுப்பாடு

வேகம் இரட்டிப்பாவதால் மோட்டாரும் இரட்டிப்பாக வேண்டும் என்பதும் பரவலான தவறு. பயணிகளை உயர்த்தத் தேவையான விசை, மணிக்கு எத்தனை கிலோவை எவ்வளவு உயரம் ஏற்றுகிறோம் என்பதை மட்டுமே பொறுத்தது. கணக்கு எளிதாக இருக்க இம்முறை 2400 பேரை ஆளுக்கு 80 கிலோ என்று கொண்டால், வினாடிக்கு 53 கிலோ. அதை 400 மீட்டர் ஏற்ற ஏறத்தாழ 209 கிலோவாட். நால்வர் நிலைப்பிடியும் நால்வர் கழல்பிடியும் இதே அளவைத்தான் கேட்கும். வேகத்தோடு கூடுவது கப்பிகளின் உராய்வு இழப்பும், நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கத் தேவையான விசையும், நிலையத்து டயர்களின் இழப்பும்தான். ஈருவரிலிருந்து நால்வருக்கு மாறினால் பயணிகளை உயர்த்தும் விசை 105-இலிருந்து 209 கிலோவாட்டாக ஏறுகிறது; மின்நிறுவனத்தோடு பேசித் துணைநிலையத்தை மாற்ற வேண்டிவருவது இதனால்தான். அந்தப் பேச்சுக்கு ஓராண்டு முன்பே தொடங்குங்கள்.

சேவைத் தடை, பெருஞ்சக்கரத்தை நேரடியாகப் பற்றும் அவசரத் தடை, மின்சாரம் போனால் பயணிகளை இறக்கும் டீசல் துணை இயந்திரம் ஆகியவை புதிய வேகத்துக்கேற்பப் புதிதாகவே வரும். நாற்காலிகள் நிலையத்தில் ஒன்றையொன்று நெருங்கினால் நிறுத்தும் மோதல் தடுப்பு நிலைப்பிடியில் இல்லாத அமைப்பு. கோபுரங்களில் வடம் கப்பியை விட்டு இறங்கினால் மின்சுற்றை அறுக்கும் முறிகோல்களையும் புதிய தொடர்புக் கம்பியோடு சேர்த்து அமைக்க வேண்டும்.

விசைக் கட்டுப்பாட்டை எளிய விஷயமாக எண்ணிவிடக்கூடாது. 2016 டிசம்பர் 29-இல் கொலராடோவின் கிரான்பி ராஞ்சில் ஓர் அதிவேக லிஃப்டின் நாற்காலி ஊசலாடிக் கோபுரத்தில் மோதி, அதிலிருந்து விழுந்த ஒரு தாய் இறந்தார்; அவருடைய இரு மகள்கள் காயமடைந்தனர். சில வாரங்களுக்கு முன் மாற்றப்பட்டிருந்த மின்விசைக் கட்டுப்பாட்டினால் வந்த விரைவான வேக மாற்றங்களே காரணம் என்று மாநில விசாரணை கண்டது. எந்திரத்தின் எந்தப் பகுதியும் உடையாமலே உயிர் போயிற்று. வேகமெடுக்கும் வளைவும் தடையின் வளைவும் வெற்று லிஃப்டிலும், பாதிச் சுமையிலும், முழுச் சுமையிலும் தனித்தனியே சரிசெய்யப்பட்டுக் கையொப்பத்தோடு பதிவாக வேண்டும்.

படி 9: ஒரே கோடைக்குள் கட்டி முடித்தல்

ஏப்ரலில் பருவம் முடிந்ததும் பழைய லிஃப்டைக் கழற்றத் தொடங்க வேண்டும். முதலில் நாற்காலிகள், பிறகு தளர்த்திய வடம், பிறகு கப்பிகள், கடைசியாகக் கோபுரங்கள். நல்ல நிலையிலுள்ள நிலைப்பிடி லிஃப்டுகளுக்குச் சிறிய மலைகளில் எப்போதும் தேவை உண்டு. எனவே கழற்றும்போதே ஒவ்வொரு உறுப்புக்கும் எண்ணிட்டு வையுங்கள்.

பனி உருகி மண் காய்ந்ததும் அடித்தளக் குழிகள். ஜூலை, ஆகஸ்டில் கான்கிரீட். சாலை போட முடியாத சரிவுகளில் கான்கிரீட்டும் கோபுரங்களும் ஹெலிகாப்டரில் போகும். கே-மேக்ஸ் போன்ற பளுதூக்கி ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 2.7 டன் வரை தூக்கும். உயரம் கூடக்கூட அந்த அளவு குறையும். கோபுரத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் முடிவை வடிவமைப்பிலேயே எடுக்காவிட்டால், பறக்கும் நாளில் செய்ய ஒன்றுமிராது. செப்டம்பரில் நிலைய இயந்திரம், அக்டோபர் தொடக்கத்தில் வடம் இழுத்துப் பிணைத்தல். முதல் பனிக்கு முன் வடம் ஏறாவிட்டால் அந்தப் பருவத்தின் திறப்புநாள் கைவிட்டுப் போகும்.

படி 10: சோதனை

முதலில் நாற்காலி இல்லாமல் வடம் மட்டும் ஓட்டி, ஒவ்வொரு கோபுரத்திலும் கப்பிகள் நேர்க்கோட்டில் உள்ளனவா என்று சரிபார்க்க வேண்டும். பிறகு நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு பிடியும் அளவித் தண்டவாளத்தில் காட்டும் விசையைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களையோ பைகளையோ நாற்காலிகளில் ஏற்றி, ஏறுபக்கம் முழுச் சுமையோடு நிறுத்தி, தொடங்கி, ஒவ்வொரு தடையையும் தனித்தனியே பயன்படுத்திப் பார்க்க வேண்டும். இரு கோபுரங்களுக்கு இடையே மிகச் செங்குத்தான பகுதியில் சுமையேற்றிய நாற்காலி நிற்கும்போது அவசரத் தடை போட்டு, பிடி ஒரு மில்லிமீட்டரும் வழுக்கவில்லை என்பதை வடத்தில் இட்ட சுண்ணக்கோட்டால் உறுதி செய்வது நல்ல வழக்கம். கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கி, திறந்த தாடை, தாமதமான நாற்காலி, இறங்கிய வடம் என ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட் நிற்கிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். கயிற்றால் பயணிகளை இறக்கும் மீட்புப் பயிற்சியைத் திறப்புக்கு முன் மலைக்காவலர்களோடு ஒருமுறையாவது முழுமையாகச் செய்திருக்க வேண்டும். புதிய கோபுரங்கள் உயரமானவை என்பதால் பழைய கயிறுகளின் நீளம் போதாமல் போகலாம்.

படி 11: முதல் பருவம்

முதல் வாரங்களில் முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. வினாடிக்கு 4 மீட்டரில் தொடங்கி, பணியாளர்கள் நிலையத்தின் ஒலியையும் டயர்களின் காற்றழுத்தத்தையும் அறிந்துகொண்ட பின் வேகத்தைக் கூட்டலாம். தடங்களில் நெரிசல் தெரிந்தால் வேகத்தைக் குறைப்பதையோ, சில நாற்காலிகளைக் கொட்டகையிலேயே நிறுத்திவிடுவதையோ தயங்காமல் செய்யுங்கள். நாற்காலியின் எண்ணிக்கையை அன்றன்றைக்குத் தீர்மானிக்கும் உரிமை கழல்பிடியில்தான் உண்டு. பிடிகளில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பிரித்துக் காந்தத்துகள் முறையால் வெடிப்புச் சோதனை செய்ய வேண்டியிருப்பதால், அதற்கான மேசையும் வெளிச்சமும் பயிற்சி பெற்ற இருவரும் முதல் பருவத்திலேயே தயாராக இருக்கட்டும்.

புதிய வடம் முதல் பருவத்தில் நீளும். பெருஞ்சக்கரத்தைத் தாங்கி வடத்தை இழுத்துப்பிடிக்கும் நீரழுத்த இழுப்பு வண்டி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதை வாரந்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வெப்பநிலையை ஒட்டி அளந்து எழுதிவாருங்கள். அது தன் ஓட்டத்தின் கடைசிப் பகுதியை நெருங்குமானால், வடத்தை வெட்டிச் சுருக்கி மறுபடி பிணைக்க வசந்தகாலத்துக்கு ஒரு பிணைப்பாளரை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பருவம் முடியும் வாரங்களில் அவர்கள் எல்லோரும் வேறு மலைகளில் இருப்பார்கள்.